பதினேழும் இரண்டும்

அத்தியாயம் 6

"நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பினா விஷயம் இந்த ரூமோட முடிஞ்சிடும். இல்லன்னா போலீஸ்தான்" என்றார் நிர்வாக அதிகாரி.

அவர் சொன்னது எங்களிடம் அல்ல. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுப் பெண்ணிடம். மேஜைமேல் அவளுடைய ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு பேனா, மூடி கழற்றிய நிலையில். இத்தனை முன்யோசனை உள்ள மனிதரை நான் அலுவலகங்களில் அதிகம் பார்த்ததில்லை.

சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் அத்தை. "பேனாவை மூடி வைங்க சார். மை காய்ஞ்சிடும்."

அத்தை என்று நான் சொல்வது என் மனைவியின் அம்மாவை. தபால் பிரிக்கும் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுவாரமே துப்பறியத் தொடங்கியவர். நான் அவருடைய உதவியாளன். சம்பளம் கிடையாது, மாப்பிள்ளை மரியாதை உண்டு. அதாவது நான் என்ன உளறினாலும் அத்தை என்னைத் திட்ட மாட்டார். கல்யாணமான இந்த ஏழு வருடத்தில் 'இதைச் செய்யுங்க' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. 'செஞ்சா நல்லாருக்கும்' என்பதோடு சரி. இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியின் தொண்டைப் பிரிவில் ஒரு குரல் வங்கி இருக்கிறது. ஆபரேஷனில் குரல் போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே வந்து சில நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்வார்கள். பிறகு கையடக்கக் கருவி ஒன்றில் அவர்கள் டைப் அடிப்பதை அது அவர்கள் குரலிலேயே பேசும். இதுவரை இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அந்த எண்ணில் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர்.

பதினேழாம் எண், அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இருபது வருடமாகக் கட்டிக் காத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். போன வாரம் வியாழன் வரைக்கும் பதிவு, வெள்ளிக்கிழமை கடைசி நாள் வேலை, திங்கட்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை எழுந்து உட்கார்ந்ததும் சிலேட்டை வாங்கி 'என் குரல் எங்கே?' என்று எழுதினார். போய்ப் பார்த்தால் பதினேழு என்ற ஃபோல்டர் இல்லை. கூடவே இரண்டு என்ற ஃபோல்டரும் இல்லை. நேற்று வியாழன் காலையில் பத்தொன்பதும் மூன்றும் போய்விட்டன.

"மத்த மூணுக்கும் வழி இருக்கு" என்றார் அதிகாரி. "ரெண்டும் மூணும் பழசு, மாசக் கடைசில எடுத்த பிரதி இருக்கு. பத்தொன்பதுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகல, திரும்பப் பேசிக்கலாம். பதினேழுக்குத்தான் பிரதியும் இல்ல, தொண்டையும் இல்ல."

"அதுக்கு இந்தப் பொண்ணு எப்படிப் பொறுப்பு?"

"ஃபோல்டர்கள நகர்த்தினது இவங்க லாகின். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, பூஜ்யம் நிமிஷம். வியாழக்கிழமையும் அதே ஒன்பது மணி, பூஜ்யம் நிமிஷம். பதிவு நடந்த ரெண்டாவது நாள் இவங்களும் அவரும் போட்ட சண்டை காரிடார் முழுக்கக் கேட்டிருக்கு. பழிவாங்கிட்டாங்க. மத்ததெல்லாம் நம்மள திசைதிருப்ப."

"ரெண்டு நாளும் சரியா ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்த ஆளா?" என்றேன். "சார், அப்ப இவங்களுக்கு விருதுதான் கொடுக்கணும்."

அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேனாவை மூடவும் இல்லை.

பதிவு அறை இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு. உள்ளே நுழைந்ததும் நம் குரலே நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குரல்போலக் கேட்கும். அந்தப் பெண் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"சண்டை நிஜமாம்மா?" என்றார் அத்தை.

"நிஜம்தான். அன்னைக்கு அவருக்கு ஒரே இருமல். வாக்கியத்தப் படிக்காம, வாக்கியமே சரியில்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டார். ஒரு மணி நேரம் ஓடினதுக்கப்புறம், 'இத யாரும் கேக்கக்கூடாது, தூக்கிப் போட்டுடு, சத்தியம் பண்ணு'ன்னார். சரின்னேன். வியாழக்கிழமை நல்ல பிள்ளையா வந்து எல்லாத்தையும் திரும்பப் படிச்சுக் கொடுத்தார்."

"எல்லாரும் உங்ககிட்ட என்ன போச்சுன்னு கேட்டிருப்பாங்க. நான் வேற கேக்கறேன். போயிருக்கணும், ஆனா போகாம கிடக்கறது ஏதாவது இருக்கா?"

அவள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கும்மா. கழிவு ரெண்டு. சரியா வராத நாளோட பதிவ தனி ஃபோல்டர்ல போடுவோம். அண்ணனோட ரெண்டாவது நாள், 'பதினேழு, ஒரு சின்னக் கோடு, ரெண்டு'. பத்தொன்பதோட மூணாவது நாளும் கழிவுதான், 'பத்தொன்பது, கோடு, மூணு'. கழிவுப் பேர சாயந்திரம் ஒரு பட்டியல்ல எழுதிட்டுப் போயிடுவேன், அண்ணனோடத வெள்ளிக்கிழமை எழுதினேன், பத்தொன்பதோடத புதன்கிழமை. அடுத்த வேலை நாள் காலைல ஒன்பது மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையா எழுதி வச்ச கட்டளைங்க, தானா ஓடி அதக் குப்பைக்கு நகர்த்தும். குப்பை அன்னைக்கு சாயந்திரமே அழிஞ்சிடும். ஆனா அந்த ரெண்டும் போகாம கிடந்துச்சு. இன்னைக்குக் காலைல பார்த்துட்டு ரெண்டையும் மறுபடி பட்டியல்ல எழுதி வச்சேன்."

"வேலை போகப்போற அன்னைக்குமா?" என்றேன்.

"கழிவு கழிவுதானே சார்."

அத்தை கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். பேனாவால் பெரிதாக 17-2 என்று எழுதினார். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சின்னக் கோட்டின் நடுவே நறுக்கினார். இடது துண்டில் பதினேழு. வலது துண்டில் இரண்டு. இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"போனது இது ரெண்டும். போகவேண்டியது முழுசா கிடக்கு."

நான் இன்னொரு காகிதத்தில் 19-3 எழுதி நறுக்கிப் பார்த்தேன். பத்தொன்பது, மூன்று. அத்தை நறுக்கியதைவிட நேராக வந்தது.

"திருடன் எண்ணத் திருடல மாப்ள. ஒரு பேர வாங்கி, கோட்டுல கிழிச்சு, ரெண்டு பேரா எடுத்துக்கிட்டிருக்கான். ஆபீஸ்ல எங்கிட்ட ஒரு ஆள் இருந்தார். ரசீதுப் புத்தகத்த புள்ளிக் கோட்டுல கிழிங்கன்னு காலைல சொன்னேன். போதும்னு சொல்ல மறந்துட்டேன். சாயந்திரம் போய்ப் பார்த்தா, புள்ளிக் கோடு போட்ட கவர், ஃபாரம், தபால் தலைத் தாள் எல்லாத்தையும் கிழிச்சு அடுக்கி வச்சிருக்கார். அவ்வளவு நல்ல வேலைக்காரர்."

"ஆனா ஸ்கிரிப்ட் மேல தப்பில்லைன்னு சர்டிபிகேட்டே இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண். "வெளியிலேருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். '99-1'ன்னு ஒரு ஃபோல்டர் பண்ணி, அதே கட்டளையக் கையால அடிச்சு நகர்த்திப் பார்த்தார். சரியாப் போச்சு."

"கையாலயா?" என்றேன்.

ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியவன் நான். குடும்பத்தில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த ஆறு மாதம் என்றைக்காவது உதவும் என்று நானே நம்பியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரிப்டைத் திறந்தேன். மொத்தம் நாற்பது வரி. ஐந்தாவது வரியில் ஆள் அகப்பட்டான்.

"அத்தை, கையால அடிச்சா ஷெல் அந்தக் கோட்டுல வெட்டாது."

"ஷெல்லுன்னா?"

"நாம சொல்ற கட்டளையப் படிச்சு செய்யற ஆள்னு வச்சுக்குங்க. நாம நேரா எழுதினத அது இப்படி வெட்டாது. ஆனா ஒரு பேர டப்பாவுல போட்டு வச்சு, டப்பாவத் திறந்து கொட்டுன்னு சொன்னா, கொட்டினத வெட்டிப் பார்க்கும். டப்பாவுக்கு வேரியபிள்னு பேரு. எங்க வெட்டணும்னு தனியா ஒரு குறிப்பு இருக்கு, ஐ.எஃப்.எஸ்.னு சொல்வாங்க. வழக்கமா அதுல மூணே மூணுதான். இடைவெளி, டேப், வரி முடியற இடம்."

"கோடு இல்லையே."

"வழக்கமா இல்ல. இங்க அஞ்சாவது வரில யாரோ அந்த மூணையும் எடுத்துட்டு, கோட்ட மட்டும் போட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"தேதிக்கு. நாளும் மாசமும் நடுவுல கோடு போட்டு ஒட்டி வருது. அத ரெண்டா வெட்டி, தினசரி அறிக்கைல தனித்தனிக் கட்டத்துல போட்டிருக்காங்க. அழகா வேலை செய்யுது."

"வெட்டி முடிச்சதும் பழையபடி மாத்தினாங்களா?"

"இல்ல. அதுக்குக் கீழ இருக்கற முப்பத்தஞ்சு வரியும் கோட்டப் பார்த்தா வெட்டுங்கற நினைப்புலயே ஓடுது. முப்பத்தோராவது வரி பட்டியல்லேருந்து 17-2ன்னு ஒரே பேரத்தான் வாங்குது. டப்பாவுல போடற வரைக்கும் ஒண்ணுதான். கொட்டும்போது ரெண்டாயிடுது. 'பதினேழு, ரெண்டு, இது ரெண்டையும் குப்பைக்கு நகர்த்து.' அந்த ரெண்டு பேர்லயும் ஃபோல்டர் இருந்ததால ஷெல் ஒரு கேள்வியும் கேக்கல."

அத்தை திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பார்சலுக்குக் கயிறு கட்டற வழக்கம் இந்தத் தொழில்ல கிடையாதா?"

"இருக்கு. டப்பாவோட பேருக்கு முன்னாலயும் பின்னாலயும் இரட்டை மேற்கோள் குறி போட்டா ஒரே கட்டு. ஐ.எஃப்.எஸ்.ல என்ன இருந்தாலும் வெட்டாது. இங்க போடல."

அந்தப் பெண் ஸ்பாஞ்சுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப நான் செய்யல" என்றாள். இந்த மூன்று நாளில் அவளுக்கே அதில் சந்தேகம் வந்திருக்கும்போல. எனக்குப் பாவமாக இருந்தது.

"ஒன்பது மணிக்கு ஓடினது ஸ்கிரிப்ட். அத உங்க லாகின்ல ஓட விட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"அந்த அஞ்சாவது வரிய எழுதினது யாரு சார்?"

வரியின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. அதைப் படித்தேன். அத்தையும் என் தோளுக்கு மேலாகப் படித்தார். என் காலை லேசாக மிதித்தார்.

"மேல போய்ச் சொல்றேன்மா" என்றார். "தேதியக் கட்டம் கட்டமாப் போடச் சொன்னது யாருன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார்.

மணி மூன்று முப்பத்தைந்து. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தேதி வேலை முடிந்த இடத்தில் ஐ.எஃப்.எஸ்.ஸைப் பழையபடி மாற்றினேன். முப்பத்தோராவது வரியில் இந்தப் பக்கம் ஒரு மேற்கோள், அந்தப் பக்கம் ஒரு மேற்கோள். சேமித்தேன். வாழ்க்கையில் நான் உருப்படியாக முடித்த முதல் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் பார்த்திருக்க வேண்டும்.

"இப்ப ஒரு தடவை ஓட்டிக் காட்டிடலாம். அதிகாரி கண்ணால பார்த்துட்டா அப்புறம் பேச்சே இல்ல. இந்தத் தடவை பதினேழக் கோட்டுல வெட்டாது. பேர் முழுசா, சுத்தமா, நேரா குப்பைக்குப் போகும்."

சொல்லிவிட்டு விரலை என்டர் விசைமேல் வைத்தேன்.

"மாப்ள. கையை எடுங்க."

ஏழு வருடத்தில் முதல் கட்டளை. கை தானாக வந்துவிட்டது.

"பட்டியல்ல என்ன எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

"17-2." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அண்ணனின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தக் கழிவு ஃபோல்டரில் மட்டும்தான். ஸ்கிரிப்ட் தப்பாக ஓடியதால்தான் அது பிழைத்திருந்தது. நான் அதைத் திருத்திவிட்டேன்.

"பேரப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்கம்மா" என்றார் அத்தை அந்தப் பெண்ணிடம். அவள் என்னைத் தள்ளாத குறையாக விசைப்பலகையை இழுத்துப் பட்டியலைக் காலி செய்தாள். அப்புறம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கழிவுன்னு எழுதிட்டா அப்புறம் நான் அத குரலா நினைக்கறதே இல்லம்மா. இத்தனை நாளா கண் முன்னால கிடந்துச்சு."

"போதுமா அது?"

"இருமினத எல்லாம் கழிச்சாலும் இருநூறு வாக்கியம் தேறும். நூத்தம்பது இருந்தாலே கருவி பேசும்." அவள் ஒரு நொடி தயங்கினாள். "ஆனா நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அத அவர்கிட்டயே கேட்டுடலாம்."

மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி, மடியில் சிலேட்டு. அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அத்தனை துண்டுகளுக்குத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. நிர்வாக அதிகாரி கடிதமும் பேனாவுமாகப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மணி மூன்று ஐம்பது.

அண்ணன் ஒலிப்பதிவுப் பெண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களிடம் சிலேட்டைக் காட்டினார். 'செஞ்சது யார்?'

அத்தை என்னைப் பார்த்தார். நான் திருத்துவதற்கு முன்பிருந்த ஸ்கிரிப்டை அச்செடுத்து வந்த தாளை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு படித்தார். தொழில்காரர். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஐந்தாவது வரியில் கண் நின்றது. அந்தக் குறிப்பிலும் நின்றது: 'வெள்ளி, கடைசி நாள். தேதிக்காகப் போட்டது. மறக்காமல் பழையபடி மாற்றவும்.'

ஆபரேஷன் மேஜையில் அவரைப் படுக்க வைத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவருடைய வரியே அவருடைய குரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றிவிட்டார். பிறகு பலப்பத்தை எடுத்தார். 'நான்தான்.' துடைத்தார். 'மேற்கோள் போடலை.' துடைத்தார். மூன்றாவது தடவை சிலேட்டை அந்தப் பெண் பக்கம் திருப்பினார். 'மன்னிச்சிடும்மா.'



"அப்படின்னா இந்தக் கடிதம்..." என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"கடைசி நாள் அன்னைக்கு அவர நிக்க வச்சு, அறிக்கைல மாசத்தத் தனிக் கட்டத்துல போட்டுட்டுப் போங்கன்னு சொன்னது யாரு சார்?" என்றார் அத்தை.

அதிகாரி பேனாவை மூடினார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அன்றைக்குச் செய்த நல்ல காரியங்கள் அவை இரண்டும்தான்.

ஒலிப்பதிவுப் பெண் கட்டிலருகே போய்க் கையிலிருந்த சின்ன ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, ரெண்டாவது நாள் பதிவு போகல. பத்திரமா இருக்கு. யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க. போடட்டுமா?"

அவர் அவளைப் பார்த்தார். துண்டு மடிக்கும் மனைவியைப் பார்த்தார். தலையசைத்தார்.

முதலில் ஒரு நீண்ட இருமல். பிறகு செய்தி வாசிப்பவர் தோரணையில், "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." மறுபடி இருமல். அப்புறம் தோரணையெல்லாம் கழன்று போயிற்று.

"இதெல்லாம் யாரும்மா வீட்ல பேசறா? வானம் தெளிவா இருக்காம். எங்க வீட்ல வந்து இத நான் சொன்னா அவ டாக்டரக் கூப்பிடுவா. முப்பது வருஷமா நான் வீட்ல பேசினது மொத்தமே இருபது வாக்கியம். அந்த இருபதும் உன் லிஸ்ட்ல இல்ல. நாளைக்கு அந்த மிஷின் எதப் பேசப் போகுது? எழுதிக்கோ. கதவ சாத்து. ஃபேன கொஞ்சம் குறை. போன்ல யாரு. டீ இருக்கா. நீ சாப்டியா. எழுதறியா இல்லையா?"

   அத்தை தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

ஸ்பீக்கரில் அவர் மூச்சு வாங்கினார். அதன் பிறகு, தினமும் காலையில் கேட்கிற அதே சலிப்போடு,

"என் கண்ணாடிய எங்க வச்சே?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தலை மேலதான் இருக்கு, பாருங்க" என்றார்.

கட்டிலில் இருந்தவரின் கை தலைக்குப் போய்க் கண்ணாடியைத் தொட்டது.